பூங்காவுக்குள் சாப்பாட்டுச் செலவு: கடலூர், புதுச்சேரியிலிருந்து குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்கு

கடந்த கோடை விடுமுறையில் கடலூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு சென்னைப் பக்கம் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போனோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா, தங்கை, மைத்துனர், தங்கையின் பத்து மாதக் கைக்குழந்தை. ஒரு மாதத்துக்கு முன்பே டிக்கெட் எடுத்து, வேன் வாடகை பேசி, டீசல் வரை கணக்குப் போட்டு வைத்திருந்தேன். சாப்பாட்டுக்கு மட்டும் கணக்கு எழுதவில்லை. அம்மா கட்டிக்கொடுப்பார், உள்ளே ஏதாவது கொறித்துக்கொள்ளலாம் என்ற நினைப்புதான்.

விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அம்மா செய்த புளியோதரை ஒரு தூக்கில், தயிர்சாதம் இன்னொரு தூக்கில். பூங்கா வாசலில் பையைச் சோதித்த காவலர் இரண்டையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டார். அந்த மேசையில் எங்களுக்கு முன்பே பத்துப் பதினைந்து டப்பாக்கள், எவர்சில்வர் அடுக்குகள், வாழை இலைப் பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. "வண்டியில் வைத்துவிட்டு வாருங்கள், இல்லையென்றால் இங்கேயே விட்டுவிடுங்கள்" என்றார். வேன் ஓட்டுநர் அதற்குள் வண்டியைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. தூக்கின் மூடியை இன்னொரு முறை அழுத்தி மூடிவிட்டு உள்ளே வந்தார். சாயங்காலம் திரும்பி வந்தபோது தயிர்சாதம் புளித்துப் பொங்கி, மூடி உப்பியிருந்தது.

அன்று உள்ளே சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் ஆன செலவை இரவில் பில்களை வைத்துக் கூட்டினேன். மதியச் சாப்பாடு ஆறு தட்டு, தட்டு 280 ரூபாய். அம்மாவுக்குச் சப்பாத்தி 180. உருளைக்கிழங்கு வறுவல் இரண்டு, 320. பாப்கார்ன் இரண்டு, 240. ஐஸ்கிரீம் ஆறு, 540. தண்ணீர் பாட்டில் பதினொன்று, 440. குளிர்பானம் நான்கு, 280. டீ, காபி ஐந்து, 250. மாலையில் நூடுல்ஸ் நான்கு தட்டு, 760. மொத்தம் 4,690 ரூபாய். இதில் வயிறார உண்டது என்று சொல்ல மதியச் சாப்பாடு மட்டுமே இருந்தது.

ஆறு மாதம் கழித்து வேறொரு பூங்காவுக்கு அதே எட்டுப் பேரும் போனோம். உள்ளே ஆன செலவு 1,950. வீட்டிலிருந்து கொண்டுபோனவற்றுக்கு 600 ரூபாய்க்குள் முடிந்தது. யாரும் பசியோடு இருக்கவில்லை, அம்மாவின் சாப்பாடும் வீணாகவில்லை. இரண்டு பயணத்துக்கும் நடுவில் தெரிந்துகொண்டதைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். இஞ்சம்பாக்கம் விஜிபி, முட்டுக்காடு எம்ஜிஎம், 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் திறந்த வொண்டர்லா என்று நம் ஊர்களிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துப் போகும் பூங்கா எதுவானாலும் இந்த வரிசை பொருந்தும்.

1. டிக்கெட் எடுக்கும் முன் தொலைபேசியில் ஐந்து கேள்விகள்

இணையதளத்தில் டிக்கெட் விலை பெரிய எழுத்தில் இருக்கும். உணவு பற்றிய விதி "நிபந்தனைகள்" என்ற பகுதியின் அடியில் இருக்கும், அதுவும் ஒரே வரியில். அதனால் பூங்காவின் எண்ணுக்கு நேரே போன் செய்து கேளுங்கள். யார் பேசினார்கள், என்றைக்குப் பேசினோம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி, வெளி உணவுக்கு அனுமதி உண்டா? பெரிய பூங்காக்களில் பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். இரண்டாவது, காலித் தண்ணீர் பாட்டிலாவது உள்ளே கொண்டுவரலாமா, இலவசக் குடிநீர்க் குழாய்கள் எங்கெங்கே இருக்கின்றன? மூன்றாவது, கையில் முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே போய்த் திரும்பி வர முடியுமா? இதற்கு "ஆம்" என்று பதில் வந்தால் உங்கள் செலவு பாதியாகக் குறைந்துவிடும். மதியச் சாப்பாட்டை வண்டியிலேயே முடித்துக்கொள்ளலாம். நான்காவது, குழந்தை உணவுக்கும் நோயாளிகளின் உணவுக்கும் விலக்கு உண்டா, அதற்கு என்ன சீட்டு காட்ட வேண்டும்? ஐந்தாவது, நுழைவு டிக்கெட்டோடு மதியச் சாப்பாடும் சேர்ந்த டிக்கெட் இருக்கிறதா, அதில் எத்தனை வகை, இரண்டாம் முறை வாங்கிக்கொள்ளலாமா?

சாப்பாடு சேர்ந்த டிக்கெட் எல்லோருக்கும் லாபம் என்று எண்ண வேண்டாம். நன்றாகச் சாப்பிடும் பெரியவர்களுக்கு லாபம்தான். ஆறு வயதுப் பிள்ளை அரைத் தட்டுக்கு மேல் தொடாது, அதற்கும் முழு விலை வாங்குவார்கள். பெரியவர்களுக்கு மட்டும் சாப்பாட்டோடு எடுத்து, சின்னவர்களுக்கு வெறும் நுழைவு டிக்கெட் எடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

வெளி உணவைத் தடுப்பது சட்டப்படி சரியா என்று பலர் என்னிடம் கேட்டார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் திரையரங்குகள் பற்றிய ஒரு வழக்கில், வெளி உணவு கூடாது என்று விதி வைக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, சுகாதாரமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்குப் பெற்றோர் கொண்டுவரும் உணவைத் தடுக்கக் கூடாது என்றும் சொன்னது. அது திரையரங்கைப் பற்றிய தீர்ப்பு. ஆனாலும் தனியார் இடம் என்ற நிலை பூங்காவுக்கும் ஒன்றுதான். ஆகவே வாசலில் நின்று புளியோதரைக்காக வாதாடினால் நேரம்தான் போகும். தண்ணீருக்காகவும் குழந்தை உணவுக்காகவும் தயங்காமல் கேளுங்கள்.

2. பையில் இருக்க வேண்டிய சீட்டுகள்

சர்க்கரை நோயாளி ஒருவர் உடன் வந்தால் மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டின் நகலைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். முதல் பயணத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதே அம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. முன்பின் தெரியாத ஓர் அம்மா தன் பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் முறை மருந்துச் சீட்டைக் காட்டி, இரண்டு சப்பாத்தி, ஒரு வாழைப்பழம், ஒரு பொட்டலம் பிஸ்கட், கொஞ்சம் சர்க்கரை ஆகியவற்றைச் சிறிய டப்பாவில் தடையில்லாமல் உள்ளே கொண்டுபோனோம். இருபது பேருக்கான மூட்டையாக இல்லாமல் ஒருவருக்கான அளவாக இருந்ததால் காவலரும் உடனே விட்டுவிட்டார்.

கைக்குழந்தைக்குப் பால் பவுடர், வெந்நீர் பிளாஸ்க், கேழ்வரகுக் கஞ்சி எல்லாவற்றையும் தனிப் பையில் வையுங்கள். மற்ற சாமான்களோடு கலந்தால் சோதிக்கும் இடத்தில் பை முழுவதையும் கொட்ட வேண்டியிருக்கும். கல்லூரி மாணவர்கள் அடையாள அட்டையின் அசலை எடுத்துச் செல்லுங்கள். சில பூங்காக்கள் அதற்கு நுழைவுக் கட்டணத்தில் தள்ளுபடி தருகின்றன. மிச்சமாகும் தொகையே மதியச் சாப்பாட்டுக்குப் போதும்.

பணம் எப்படிக் கொண்டுபோவது என்பதும் இதில் சேரும். தண்ணீர் விளையாட்டு இருக்கும் இடத்தில் போனை லாக்கரில் வைத்துவிடுவீர்கள், அப்போது யுபிஐ உதவாது. ஜிப் வைத்த சிறிய பிளாஸ்டிக் உறையில் ஐநூறு ரூபாய்க்குச் சில்லறையாக நோட்டுகளை வைத்து ஒருவர் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். சில இடங்களில் பணமே வாங்காமல் உள்ளே மட்டும் செல்லுபடியாகும் கார்டிலோ கைப்பட்டையிலோ பணம் ஏற்றிக்கொள்ளச் சொல்வார்கள். மொத்தமாக ஏற்ற வேண்டாம். ஐநூறு ஐநூறாக ஏற்றுங்கள். மிச்சப் பணத்தை எந்தக் கவுன்டரில், எத்தனை மணிக்குள் திரும்பப் பெற வேண்டும் என்பதை ஏற்றும்போதே கேட்டுவிடுங்கள். சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறும்போது அந்த வரிசையைப் பார்த்து, நூறு ரூபாய்தானே என்று விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. காலை உணவுதான் உங்கள் பெரிய சேமிப்பு

கடலூரிலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய 25 கிலோமீட்டர். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம், கல்பாக்கம், மாமல்லபுரம் தாண்டிப் போக வேண்டும். இடையில் நிறுத்தாமல் போனாலும் கடலூரிலிருந்து நான்கு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்பதரை மணிவாக்கில் சேரலாம்.

பலரும் செய்யும் தவறு, ஆறரை மணிக்குப் புதுச்சேரியில் டிபனை முடித்துவிடுவது. பத்தரை மணிக்கு நுழையும்போதே பிள்ளைகளுக்குப் பசி எடுத்துவிடும். முதல் கடையின் பாப்கார்ன் வாசனை அங்கேயே நிறுத்திவிடும். ஆறு மணிக்கு வண்டியில் ஆளுக்கொரு வாழைப்பழமும் பாலும் மட்டும் கொடுங்கள். புதுச்சேரியில் பாண்லே பால் பூத்துகள் காலையிலேயே திறந்திருக்கும், அங்கே பால் வாங்கிக்கொள்ளலாம். முழுச் சாப்பாட்டைப் பூங்காவுக்குப் பத்து நிமிடத் தொலைவில், ஒன்பதே கால் மணிக்கு மர நிழலில் வண்டியை நிறுத்திச் சாப்பிடுங்கள்.

என்ன கட்டிக்கொள்வது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழை இலையில் கட்டினால் போதும். சட்னி வேண்டாம், தேங்காய்ச் சட்னி எட்டு மணி வெயிலுக்கே வாசம் மாறிவிடும். புளியோதரை நாள் முழுக்கத் தாங்கும். தயிர்சாதம் கட்டியே ஆக வேண்டுமென்றால், சாதத்தில் காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றிப் பிசைந்து ஒரே ஒரு கரண்டி தயிர் விடுங்கள். மதியத்துக்குள் அது தயிராக உறைந்து பதமாக இருக்கும். எங்கள் வீட்டுத் தூக்கில் அன்று தயிர்தான் அதிகம், அதனால்தான் அப்படிப் புளித்தது. முட்டை, மசாலாச் சாதம் போன்றவற்றைக் காலை உணவோடு முடித்துவிடுங்கள், மூடிய வண்டியின் வெப்பத்தில் மதியம் வரை வைக்காதீர்கள்.

பிளாஸ்டிக் பைகளிலும் தட்டுகளிலும் கட்டாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பை, டம்ளர், உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பாக்கெட் ஆகியவற்றுக்குத் தடை இருக்கிறது. வாழை இலை, காகிதம், எவர்சில்வர் டப்பா என்று வைத்துக்கொண்டால் எந்தச் சோதனையிலும் சிக்கல் வராது.

வண்டி ஓட்டுநரிடம் கிளம்பும்போதே சொல்லிவையுங்கள்: எல்லோரும் உள்ளே போனபிறகுதான் அவர் வண்டியைப் பூட்டிவிட்டு நகர வேண்டும். அவருக்கான மதியச் சாப்பாட்டையும் சேர்த்தே கட்டிக்கொடுங்கள். அவரும் காலையிலிருந்து வண்டி ஓட்டி வந்திருக்கிறார். பூங்காவைச் சுற்றியுள்ள கடைகளிலும் விலை கூடுதலாகத்தான் இருக்கும்.

4. தண்ணீர்

முதல் பயணத்தில் தண்ணீருக்கே 440 ரூபாய் போயிற்று. இரண்டாம் பயணத்தில் ஒரு ரூபாய்கூட ஆகவில்லை.

ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலைக் காலியாகக் கொண்டுபோனோம். நிரம்பிய பாட்டிலைத் தடுப்பவர்களும் காலிப் பாட்டிலைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகக் குடிநீர்க் குழாய் எங்கே என்று கேட்டு அங்கே போய் நிரப்பினோம். குழாய் பெரும்பாலும் கழிப்பறைப் பக்கமோ முதலுதவி அறைப் பக்கமோ இருக்கும், கடைகள் இருக்கும் முக்கியப் பாதையில் இருக்காது. "தண்ணீர் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டால் கடையைக் காட்டுவார்கள். "குடிநீர்க் குழாய் எங்கே?" என்று கேளுங்கள்.

தண்ணீரில் விளையாடும் பிள்ளைகளுக்குத் தாகம் தெரியாது. உடம்பு நனைந்தே இருப்பதால் வேர்ப்பதும் தெரியாது. நம் கடலோர வெயிலில் இரண்டு மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். மணிக்கு ஒருமுறை கூப்பிட்டுக் குடிக்கவையுங்கள். மருந்துக் கடையில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி தயாரித்த ஓஆர்எஸ் (உப்பு, சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அட்டைப் பெட்டியில் குழல் வைத்து விற்கும் இனிப்புப் பானங்கள் அதற்கு மாற்றாகாது. அந்தக் கலவை இல்லாத பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

5. மதியச் சாப்பாடு: பதினொன்றே முக்கால் அல்லது இரண்டே முக்கால்

பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை பூங்காவின் உணவகத்துப் பக்கமே போகாதீர்கள். டோக்கன் வாங்க ஒரு வரிசை, தட்டு வாங்க ஒரு வரிசை, உட்கார இடம் பிடிக்க ஓர் ஆள். முக்கால் மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். அந்த நேரத்தில்தான் பெரிய ராட்டினங்களில் கூட்டம் குறைவாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏழு பேர் என்றால் ஏழு தட்டு வாங்க வேண்டியதில்லை. நாங்கள் இரண்டாம் முறை ஐந்து தட்டு வாங்கினோம், 1,400 ரூபாய். சின்னவன் என் தட்டில் சாப்பிட்டான், அம்மாவுக்கு அவருடைய சப்பாத்தி இருந்தது. சாதமும் குழம்பும் இருக்கும் தட்டு விலை கூடினாலும் மாலை வரை தாங்கும். வறுவல், பர்கர் போன்றவை விலை குறைவுபோலத் தெரியும், ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். சாப்பிட்டதும் சுழலும் ராட்டினங்களில் ஏறாதீர்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு நிழலில் நடக்கக்கூடிய பகுதியை மிச்சம் வையுங்கள்.

6. பிள்ளைகள் கையில் பணம்

எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் காலையிலேயே ஆளுக்கு 150 ரூபாய் கொடுத்து, ஐஸ்கிரீமோ பஞ்சுமிட்டாயோ உங்கள் விருப்பம், தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்று சொன்னோம். அன்று முழுக்க ஒரு கெஞ்சலும் இல்லை. மகள் மூன்று கடைகளில் விலை விசாரித்துவிட்டு நான்காவதில் வாங்கினாள். பெரியவர்களின் டீ, காபி 250 ரூபாயும் சேர்ந்துதான் 1,950.

7. பில் வாங்குங்கள், வாசியுங்கள்

இந்தப் பகுதியைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். உள்ளே விற்பவற்றை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சமைத்துத் தரும் உணவு ஒன்று. இதற்கு விலை உச்சவரம்பு கிடையாது. பலகையில் 280 என்று எழுதியிருந்தால் அது அவர்கள் வைத்த விலை, வாங்குவதும் விடுவதும் நம் முடிவு. பெரும்பாலான உணவகங்களில் இதன்மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி சேரும், பலகை விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "சர்வீஸ் சார்ஜ்" என்று பில்லில் தனியாக ஒரு தொகை இருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அதைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

பொட்டலமிட்டு விலை அச்சிட்டு வரும் பொருள் இன்னொன்று: தண்ணீர் பாட்டில், குளிர்பானம், சிப்ஸ், பிஸ்கட், குச்சி ஐஸ். இவற்றை அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் சில்லறைக் கடைக்காரர் விற்கக் கூடாது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. அந்த விலை எல்லா வரியும் சேர்ந்தது, அதன்மேல் ஜிஎஸ்டி என்று தனியாகச் சேர்ப்பதும் தவறு. ஒரே பொருளுக்கு ஊரில் ஒரு விலையும் பூங்காவில் ஒரு விலையுமாக அச்சிட்டு விற்கும் வழக்கத்துக்கும் 2018 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது.

இதில் ஒரு விலக்கு உண்டு, அதை அறியாமல் சண்டைக்குப் போகாதீர்கள். உட்காரவைத்துப் பரிமாறும் ஹோட்டலும் உணவகமும் பாட்டிலை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மேசை, நாற்காலி, பரிமாறுதல் எல்லாம் சேர்ந்த சேவை அது என்பது காரணம். ஆனால் நடைபாதை ஓரத்தில் குளிர்பெட்டி வைத்து, நின்றபடியே பாட்டிலை எடுத்துக் கொடுக்கும் கவுன்டரில் அப்படி எந்தச் சேவையும் இல்லை.

முதல் பயணத்தில் எங்களுக்கு நடந்தது அப்படி ஒரு கவுன்டரில்தான். ஒரு லிட்டர் பாட்டிலுக்கு 40 ரூபாய் வாங்கினார்கள். பாட்டிலின் கழுத்துப் பக்கம் வெள்ளை ஸ்டிக்கர், அதில் 40. ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் சும்மா உட்கார்ந்திருந்தவள் ஈர நகத்தால் அதன் ஓரத்தைச் சுரண்டினாள். அடியில் கறுப்புப் புள்ளி எழுத்தில் 20 என்று இருந்தது. தயாரித்த தேதியும் தொகுதி எண்ணும் அதன் பக்கத்திலேயே இருந்தன. பில் கேட்டேன். கடைப் பையன் தயங்கினான், பிறகு கொடுத்தான். அவனிடம் கோபப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை, விலை வைப்பவன் அவன் அல்ல. அதற்கு முன் வாங்கிய பாட்டில்களுக்கும் யுபிஐயில் பணம் கட்டிய பதிவு போனில் இருந்தது.

பில்லில் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: கடையின் பெயர், தேதியும் நேரமும், பொருளின் பெயரும் விலையும், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண். உரிம எண் 2022 ஜனவரி முதல் பில்லில் கட்டாயம் இருக்க வேண்டும். பூங்காவுக்குள் கடை நடத்துகிறவர் வேறு நிறுவனமாக இருக்கலாம். யார்மீது புகார் கொடுப்பது என்பதை அந்த எண்தான் காட்டிக்கொடுக்கும்.

8. கூடுதலாக வாங்கிவிட்டார்கள் என்றால்

அங்கேயே பூங்காவின் விருந்தினர் உதவி மேசைக்குப் போங்கள். பாட்டிலையும் பில்லையும் காட்டி, மரியாதையாக, எழுத்தில் புகார் கொடுங்கள். பல நேரங்களில் அங்கேயே பணத்தைத் திருப்பிவிடுவார்கள். எங்களுக்கு "மேலாளர் இல்லை, மின்னஞ்சல் அனுப்புங்கள்" என்றார்கள்.

வெளியேறும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரோடு பாட்டில், ஸ்டிக்கரைப் பிரித்த பாட்டில், பில், கடையின் விலைப்பலகை, நான்கும் தனித்தனியாக. பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். காலிப் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மனைவி சிரித்தாள், ஆனால் முழு எடை கொண்ட சான்று அதுதான்.

அடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. புகார் பதிந்ததும் ஓர் எண் தருவார்கள், அதைப் பத்திரமாக வையுங்கள். அவர்கள் நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். தண்டிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. எங்கள் புகாருக்குப் பதினெட்டாம் நாள் பதில் வந்தது. பதினொரு பாட்டிலுக்கும் கூடுதலாக வாங்கிய 220 ரூபாய் வங்கிக் கணக்குக்குத் திரும்பியது.

அதற்குமேலும் போக வேண்டுமென்றால் இரண்டு வழிகள் இருக்கின்றன. அச்சிட்ட விலைக்கு மேல் விற்றதைச் சட்டமுறை எடையளவு அதிகாரிகள் விசாரிப்பார்கள். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. பூங்கா எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்ட அலுவலகத்துக்கு எழுத வேண்டும். சென்னைப் பக்கத்துப் பூங்காக்கள் பல செங்கல்பட்டு மாவட்டத்தில் வரும், டிக்கெட்டில் உள்ள முகவரியைப் பாருங்கள்.

நஷ்டஈடு கேட்பதென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இங்கேதான் பலர் ஏமாந்து பின்வாங்குகிறார்கள், வழக்குக்காக அவ்வளவு தூரம் அலைய முடியாது என்று. அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் குடியிருக்கும் இடத்து ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். கடலூர்க்காரர் கடலூரில் போடலாம், புதுச்சேரிக்காரர் புதுச்சேரியில் போடலாம். நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். டிக்கெட், பில், படங்கள், 1915 புகார் எண், நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல், உங்கள் முகவரிச் சான்று ஆகியவை வேண்டும். வெப்பக் காகிதத்தில் அச்சான பில் சில மாதங்களில் வெளுத்துவிடும், அன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள்.

9. உள்ளூரிலேயே போவதென்றால்

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்திலோ புதுச்சேரி ஏஎஃப்டி மைதானத்திலோ பொருட்காட்சி போட்டால் நுழைவுக் கட்டணம் குறைவு, பையைச் சோதிக்க மாட்டார்கள். செலவு வைப்பது டெல்லி அப்பளமும் மிளகாய் பஜ்ஜியும்தான். விலைப்பலகை இல்லாத கடையில் பொருளைக் கையில் வாங்கும் முன் விலையைக் கேளுங்கள். பிள்ளை கடித்தபிறகு கேட்டால் பேரம் பேச முடியாது.

சுண்ணாம்பாறு படகுத் துறையிலிருந்து பாரடைஸ் கடற்கரைக்குப் போகிறவர்கள் தண்ணீரை இந்தக் கரையிலேயே நிரப்பிக்கொண்டு படகில் ஏறுங்கள். மறுகரையில் கடைகள் சொற்பம், விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து வேறு கடை பார்க்கவும் வழியில்லை. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கு இந்தக் கவலை எதுவும் வேண்டாம். கட்டுச்சோற்றை மணலில் விரித்துச் சாப்பிடலாம், இலையை மட்டும் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

10. திரும்பும்போது

மாலை நான்கரைக்கு மேல் பூங்காவுக்குள் எதுவும் வாங்காதீர்கள். எங்கள் 760 ரூபாய் நூடுல்ஸ் அந்த நேரத்தில்தான் போயிற்று, எல்லோரும் களைத்து, யாருக்கும் வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லாதபோது. வண்டியில் இதற்கென்றே ஒரு டப்பா தனியாக இருக்கட்டும். முறுக்கு, கடலை உருண்டை, பண்ருட்டி முந்திரி கொஞ்சம், காலையில் மிச்சம் வைத்த புளியோதரை. நனைந்த துணியை மாற்றிக்கொண்டு வண்டியில் ஏறியதும் முதலில் அதைப் பிரியுங்கள்.

ஐந்து மணிக்கு வண்டியை எடுத்தால் எட்டரை வாக்கில் புதுச்சேரியில் நுழையலாம், டிபன் கடைகளில் சூடாக இட்லி கிடைக்கும். ஏழு மணிக்கு எடுத்தால் பத்தரை ஆகிவிடும், பல கடைகளில் மாவு தீர்ந்திருக்கும். நாங்கள் இரண்டாம் முறை நான்கு ஐம்பதுக்கே எடுத்துவிட்டோம். மரக்காணம் தாண்டுவதற்குள் டப்பா காலி. புளியோதரையின் கடைசிக் கவளம் ஓட்டுநருக்குப் போயிற்று.